பதுங்குகுழியில் முளைத்த கிழங்கு

பவானிப்பூர், கல்கத்தா
14-3-1942

அக்காவுக்கு ஸ்ரீகண்டன் அநேக நமஸ்காரம். நான் இங்கே சௌக்கியம். உனக்கும் அத்திம்பேருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

விஜயமும் குழந்தை அம்புவும் செங்கோட்டை வழியாக வலியசாலைக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். ரங்கூன் விழுந்துவிட்டது. அடுத்தது கல்கத்தா என்று டிராமில் ஏறுகிறவன் எல்லாம் சொல்கிறான். ஊரே கிளம்பிப் போகிறது. ஹௌராவில் அவர்களை ஜன்னல் வழியாகத்தான் வண்டிக்குள் ஏற்ற முடிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. அம்பு பிழைத்து வளர வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்தப் பொறுப்பை உன் மடியில் போட்டிருக்கிறேன்.

ஆபீசில் என்னை விமானத் தாக்குதல் வார்டனாகப் போட்டிருக்கிறார்கள். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், சிரிக்காமல் செய். ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம். வாசலில் வாளி நிறைய மணல். அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி எல்லாம் கிடைக்கிறபோதே வாங்கி வை. முக்கியமாக, கொல்லையில் சக்கைப் பலா மரத்துக்கு அப்பால் ஒரு பதுங்குகுழி வெட்டச் சொல். மார்பளவு ஆழம் வேண்டும். நேராக வெட்டக்கூடாது, பாம்பு போவதுபோல வளைத்து வெட்ட வேண்டும். ஒரு வளைவில் குண்டு விழுந்தாலும் அடுத்த வளைவில் இருப்பவர்கள் பிழைப்பார்கள்.

அம்புவை நான் விசாரித்ததாகச் சொல். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு என்ன புரியும் என்று நினைக்காதே, சொல்.

உன் தம்பி,
ஸ்ரீகண்டன்


வலியசாலை, திருவனந்தபுரம்
20-4-1942

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு அக்கா சீதாலக்ஷ்மியின் ஆசீர்வாதம். அத்திம்பேருக்கு வாய்வு, எனக்கு வழக்கமான முழங்கால். மற்றபடி எல்லாரும் க்ஷேமம்.

உன் சம்சாரமும் குழந்தையும் கரி அப்பிய முகத்தோடு வந்து இறங்கினார்கள். அம்பு முதல் நாள் யாரிடமும் வரவில்லை. இரண்டாம் நாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை.

உன் உத்தரவுப்படி மணல் வாளி வைத்தேன். தெருப் பூனைகள் உனக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கின்றன. கறுப்புக் காகிதம் ஒட்டியதில் அத்திம்பேர் பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு ஆபீஸ் பைலைப் பார்க்கிறார். பதுங்குகுழிக்கு நெய்யாற்றின்கரைக்காரர் தாசையன் வந்தார். அவர் வெட்ட வெட்ட, தெருவே கொல்லையில் கூடிவிட்டது. எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணன் மாமா எட்டிப் பார்த்து, "ஏண்டி சீதா, கிணறுன்னா வட்டமா இருக்கணுமே, இது என்ன கோணலும் மாணலுமா?" என்றார். தாசையன் நிமிராமல், "சாமி, இது ஜப்பான்காரனுக்க கண்ணுல படாம ஒளிஞ்சிருக்கதுக்காக்கும்" என்றார். மாமா உடனே தன் குடும்பத்துக்கும் ஒரு வளைவு ஒதுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். சாலைக் கடைத்தெருவில் பர்மா அரிசி நின்றுபோய்விட்டது. பாதிக் கதவு சாத்திய கடைகளில் கேட்டால் இல்லை என்கிறார்கள். நம் ஊர் நெல் எத்தனை வாய்க்குக் காணும்? உன் குண்டைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஆனாலும் கவலைப்படாதே. அம்பு இந்த வீட்டில் பசித்துத் தூங்கமாட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு.

சீதாலக்ஷ்மி


வலியசாலை
12-7-1942

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். உன் உடம்பு குணமாக இருக்கிறதா? இங்கே மழையைத் தவிர வேறு விசேஷமில்லை.

பெரிய வார்டன் ஒன்றை மறந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை என்று ஒன்று உண்டு. இரண்டு நாள் மழையில் பதுங்குகுழி விளிம்பு தட்டி நிற்கிறது. ஜப்பான்காரன் வந்தால் நாங்கள் நீந்தத்தான் வேண்டும். அதற்குள் தவளைகள் குடியேறி, அத்திம்பேரின் சந்தியாவந்தனத்துக்குப் பின்பாட்டுப் பாடுகின்றன.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நேற்று மழை விட்டதும் அம்புவை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியோரம் நின்றேன். தெளிந்த தண்ணீரில் வானம் முழுவதும் வளைந்து வளைந்து படுத்திருந்தது. தலைப்பிரட்டைகள் ஆயிரம் இருக்கும், மேகத்துக்குள் நீந்துகிற மாதிரி இருந்தது. அம்பு மூச்சு விடவில்லை. நானும்தான். நாற்பது வயதுக்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று யாரிடமும் சொல்லாதே.

அரிசி அட்டைக்குத்தான் கிடைக்கிறது, அதிலும் கல். அதனால் நான் கொல்லையைக் கொத்த ஆரம்பித்துவிட்டேன். சேம்பு, சேனை, வாழை, முருங்கை என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஊன்றுகிறேன். பலாச்சுளையைத் தின்றுவிட்டுச் சக்கைக்குருவைச் செம்மண்ணில் புரட்டிப் பானையில் அடைத்திருக்கிறேன். மாங்காய் உப்புநீரில் பீங்கான் பரணி பரணியாகக் கிடக்கிறது. மண்ணெண்ணெய்க்குப் பதில் புன்னைக்காய் எண்ணெய் விளக்கு எரிகிறது. நாற்றம்தான், ஆனால் வெளிச்சம். கல்யாணமான நாள் முதல் இந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி அள்ளிக் கொடுக்கும் மண் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

அன்புடன்,
அக்கா


பவானிப்பூர்
17-1-1943

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். நான் நலம். இதைத்தான் முதலில் தேடுவீர்கள் என்று முதலில் எழுதினேன்.

குண்டு விழுந்தது உண்மை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடினவர்கள் திரும்பி வருகிறார்கள், டிராம் ஓடுகிறது. ஆகஸ்டு கலவரத்தில் தபால் குழம்பி, உன் கடிதங்கள் மொத்தமாக ஒரே நாளில் வந்தன. தவளையைப் படித்துச் சிரித்தேன்.

இப்போது ஒரு யோசனை. எங்கள் கம்பெனி சிப்பந்திகளுக்கென்று தனிக் கிடங்கு திறந்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, எல்லாம் மாதம் தவறாமல் கிடைக்கும். குடும்பம் இங்கே இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. திருவிதாங்கூரில் அட்டைக்குக் கொடுக்கும் அரிசி குருவிக்குக்கூடக் காணாது என்று இங்குள்ள நம்மவர்கள் சொல்கிறார்கள். நீ எவ்வளவு மறைத்து எழுதினாலும் எனக்குத் தெரியாதா? குண்டுக்குப் பயந்து அனுப்பினேன். பசிக்குப் பயந்து திரும்ப அழைக்கிறேன். நல்ல துணை கிடைக்கிறபோது இருவரையும் அனுப்பிவை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் ஆசீர்வாதத்தை வேண்டும்,
ஸ்ரீகண்டன்


வலியசாலை
9-4-1943

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம் என்று எழுதிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் கோபமாக இருக்கிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகியும் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அம்புவுக்குக் காய்ச்சல். இப்போது இறங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் தொடையில் சதையே இல்லை. நாங்கள் மூவரும் மரச்சீனிக் கிழங்கு சாப்பிட்டு, அட்டை அரிசி முழுவதையும் அவளுக்கே வைக்கிறோம். அதுவும் மாதக் கடைசியில் காணவில்லை. மரச்சீனியைக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள். முன்பெல்லாம் இந்தத் தெருவில் மரச்சீனி, ஏழைகள் தின்கிற கிழங்கு என்று, கொல்லை வழியாக ஒளிந்து வரும். இப்போது வாசல் வழியாக, தலைச்சுமையாக வருகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை.

அவள் பசித்துத் தூங்கமாட்டாள் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். போன வாரம் ஒரு நாள் தூங்கினாள். இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

ஆகவே கோபம் என்மேல்தான், உன்மேல் இல்லை. சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாகேஸ்வரன் குடும்பத்தோடு ஆவணியில் கல்கத்தா போகிறார். அவரோடு அனுப்புகிறேன். விஜயம் இப்போதே டிரங்குப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

உன் பதுங்குகுழியை மழை நின்றதும் சருகும் சாணியும் சாம்பலும் போட்டு மூடிவிட்டேன். மாசியில் விஜயம் சமையலறை மூலையில் தொளதொளவென்று போன ஒரு காய்ச்சில் கிழங்குத் துண்டை அழுகல் என்று அதில் வீசி எறிந்தாள். அது கொடி விட்டிருக்கிறது. யாரும் தண்ணீர்கூட விடவில்லை. போகட்டும், ஒன்று வளர்கிறதே.

சீதாலக்ஷ்மி


பவானிப்பூர்
23-8-1943

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியமா?

விஜயமும் அம்புவும் வர வேண்டாம். டிக்கெட் வாங்கியிருந்தாலும் வேண்டாம். காரணம் கேட்காதே. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பார்க்காவிட்டாலும் எழுதமாட்டேன்.

எனக்கு அரிசிக்குக் குறைவில்லை.

நீ சோறு வடித்த கஞ்சியை என்ன செய்கிறாய்? கொட்டுகிறாயா? கொட்டாதே அக்கா. சக்கைக்குரு எத்தனை பானை இருக்கிறது? மரச்சீனியை வேகவைத்து உலர்த்தி வைக்கலாமாமே, வைத்திருக்கிறாயா? கொடி எப்படி இருக்கிறது? வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுது. படித்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஸ்ரீகண்டன்


வலியசாலை
11-9-1943

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது.

நாகேஸ்வரன் குடும்பமும் பிரயாணத்தை நிறுத்திவிட்டது. கேட்டால் அவரும் வாயைத் திறக்கவில்லை. இங்கே உன் சம்சாரம் அழுது அழுது கண் வீங்கிக் கிடக்கிறாள். "அக்கா, அவருக்கு அங்க வேற குடித்தனம் ஏதாவது ஆயிடுத்தோ? உள்ளதைச் சொல்லுங்கோ" என்று என்னைக் கேட்கிறாள். ஒன்பது வருஷம் இவளுக்குத் தலைவலி என்றாலே ஜாதகம் பார்த்த ஆள் நீ. உனக்கு வேறு குடித்தனம் நடத்த எங்கே தைரியம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். ஆனாலும் குறைவில்லை என்கிறாய், வராதே என்கிறாய், கஞ்சியைப் பற்றி விசாரிக்கிறாய். எந்தப் புருஷன் கஞ்சியைப் பற்றி விசாரிப்பான்?

கஞ்சி எதிர்வீட்டுப் பசுவுக்குப் போகிறது. இருப்பதெல்லாம் கேட்டாயே: சக்கைக்குரு இரண்டு பானை மிச்சம், உப்புமாங்காய் தொடாத பரணி ஒன்று, மரச்சீனி வற்றல் சாக்கில் பாதி. சேம்பு ஓணத்துக்கு வந்தது. அம்பு வேகவைத்த சேம்பைத் தேங்காயோடு பிசைந்தால் வாங்கிக்கொள்கிறாள், அதில்தான் தேறி வருகிறாள். கொடி சக்கை மரத்தின் உச்சிக்குப் போய், இறங்க வழி தெரியாமல் காற்றில் ஆடுகிறது.

ஒரு வரி எழுது. விஜயத்துக்காவது எழுது.

அக்கா


வலியசாலை
4-11-1943

ஸ்ரீகண்டா, நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன வாரம் அத்திம்பேர் வழக்கம்போல் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கல்கத்தா என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தனக்குள்ளேயே கடைசி வரைக்கும் படித்தார். பிறகு அதை மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் ஆபீஸ் போனதும் நானும் விஜயமும் எடுத்துப் படித்தோம். பட்டினியில் தெருவோரம் கிடப்பவர்களின் படமும் போட்டிருந்தது.

அன்றிலிருந்து இந்த வீட்டுக் கஞ்சி பசுவுக்குப் போவதில்லை. விஜயம் தினம் உனக்காக விளக்கேற்றுகிறாள்.

எழுத முடியாவிட்டால் வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா


வலியசாலை
12-1-1944

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். நால்வரும் சுகம். பதில் வராவிட்டாலும் இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நேற்று முன்தினம் திருவாதிரை. களியோடு கூட்டாக வைக்கும் புழுக்குக்குக் கிழங்கு வேண்டும், கடையில் விலை சொல்லவே கூச்சப்படுகிறார்கள். காய்ச்சில் கொடி காய்ந்துவிட்டதே, அடியில் கையளவாவது இருக்கும் என்று தாசையனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு முழம் தோண்டியதும் கிழங்கின் தோள் தெரிந்தது. பக்கத்தில் தோண்டினார், அங்கேயும் அதுதான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்கே தொட்டாலும் கிழங்கு. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் பறிக்க ஆரம்பித்தார். நானும் விஜயமும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டோம்.

பொழுது சாயும்போது முழுவதும் தெரிந்தது. நீ வளைத்து வெட்டச் சொன்னாயே, அந்த ஒவ்வொரு வளைவிலும் அது வளைந்து வளைந்து போயிருந்தது. குழியின் நீளம் முழுவதும். மண் நிறத்தில், ரோமம் அடர்ந்து, ஒரு பெரிய மிருகம் அங்கே படுத்து நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி. அத்திம்பேர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், சந்நிதியில் நிற்பதுபோல. தாசையன் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொன்னார். வெங்கடகிருஷ்ணன் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியோரம் வந்தார்.

நாங்கள் நடவில்லை, ஸ்ரீகண்டா. அழுகல் என்று எறிந்தது. ஒரு வருஷமாக நாங்கள் அரிசிக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதெல்லாம் இது எங்கள் காலடியில் வளர்ந்துகொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, ஏன் என்று தெரியவில்லை.

வெட்டினால் உள்ளே வெண்ணெய் மாதிரி. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். தாசையன் வீட்டுக்குப் பெரிய பங்கு போயிற்று, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். எல்லா அடுப்பிலும் அன்றைக்கு ஒரே வாசனை. அம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தூங்கும்போது அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக, சூடாக இருந்தது.

சீதாலக்ஷ்மி


பவானிப்பூர்
20-2-1944

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். உயிரோடு, சுகமாக இருக்கிறேன். விஜயத்திடம் சொல், தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனேன், திரும்பக் கொண்டுவந்தேன், எத்தனை நாள் என்று தெரியாது. அம்புவின் வயிறு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன்.

இனி மறைக்க வேண்டியதில்லை. எனக்கு அரிசி ஒரு மாதமும் தவறவில்லை, அதனால்தான் எழுத முடியவில்லை. பஞ்சத்தில் கிராமங்களை விட்டு வந்தவர்கள், நாங்கள் சோறு வடிக்கும் நேரம் தெரிந்து வாசலில் டின்னை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சோறு கேட்கவில்லை அக்கா. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். கஞ்சித் தண்ணீர்தான் கேட்டார்கள். எங்கள் அறையில் மூன்று பேர், பாதிச் சோற்றைக் கஞ்சியிலேயே விட்டு ஊற்றினோம். வாசலில் நின்றவர்களுக்கு அது எந்த மூலைக்கு? ஒரு தாயும் பெண்ணும் தினம் வருவார்கள். ஐப்பசியில் ஒரு காலை பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறாள். பேர் சொல்லவில்லை, பேசுவதே இல்லை. குக்கி என்கிறோம், இவர்கள் பாஷையில் சிறுமி என்று அர்த்தம். பால்பல் விழ ஆரம்பித்திருக்கிறது, ஆறு வயது இருக்கலாம். எவ்வளவு பசித்தாலும் பாதிதான் சாப்பிடுகிறாள். மீதியை இலையில் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துவிடுகிறாள். நான் உனக்கு எத்தனை கடிதத்தில் என்னென்ன சேர்த்து வைக்கச் சொன்னேன்! இவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, பாயைத் திரும்ப மூடிவைக்கிறேன்.

மெட்ராஸ் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. சித்திரையில் ஊருக்கு வருகிறேன். தனியாக வர முடியாது, அக்கா. நீ வேண்டாம் என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அத்திம்பேரிடம் கேட்டு எழுது. அவள் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து இதோடு வைத்திருக்கிறேன். சம்மதமானால் விஜயம் ஒரு பாவாடை தைக்கட்டும்.

ஸ்ரீகண்டன்


வலியசாலை
5-3-1944

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கும் சௌபாக்கியவதி குக்கிக்கும் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் க்ஷேமம்.

அத்திம்பேர் பகலில் உன் கடிதத்தை இரண்டு தடவை எடுத்துப் படித்தார். சாயங்காலம் சந்தியாவந்தனம் முடித்து உள்ளே வந்து, "அவா மீன் திங்கற மனுஷா ஆச்சே. நாம போடறது அந்தக் குழந்தைக்குப் பிடிக்குமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். தெருவில் வேறு மாதிரி கேட்பார்கள். கேட்டால் திருவாதிரைக்கு வாங்கித் தின்றீர்களே, அது யார் நட்டது என்று விசாரித்தீர்களா என்று நான் கேட்பேன். விஜயம் தன் கல்யாணத்துப் பச்சைப் பட்டைக் கிழித்துப் பாவாடை தைக்கிறாள். சாதாரணத் துணி போதாதா என்றேன். காதில் வாங்கவில்லை.

பாதியை ஒளித்து வைக்கிறாள் என்று அவளை ஒன்றும் சொல்லாதே. பாயைத் தட்டாதே, எறும்பு வந்தாலும் வரட்டும். இங்கே அவளுக்கென்று மூடி போட்ட பரணி ஒன்று கழுவிக் காயவைத்திருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு வைத்துக்கொள்ளட்டும், யாரும் திறக்கமாட்டோம்.

அதை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி எந்தத் தட்டில் வைப்பது என்று பார்க்க உன் நூலை எடுத்தோம். பக்கத்தில் அம்புவை நிறுத்தி அளந்தோம். அம்புவுக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை. நூல் அவள் காது வரைக்கும்தான் வந்தது.

அம்பு நூலையும் என்னையும் பார்த்தாள். "பெரிய அக்கா வரான்னு சொன்னேளே அத்தை, அக்கா ஏன் என்னைவிடக் குட்டியா இருக்கா?" என்று கேட்டாள்.

நான் பரணியைக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டேன். சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா.

அக்கா